தீபாவளிக்கு ஹோண்டா காரில் ஊருக்குப் போறீங்களா? ஃபியூவல் பம்ப் ரீகால்... மெசேஜ் வரலைன்னாலும் இதை ஒரு தடவை செக் பண்ணிடுங்க!

2024-ல் தீபாவளி வியாழக்கிழமை வந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமையும் தமிழ்நாட்டில் அரசு விடுமுறையாக இருந்தது. சனி, ஞாயிறு சேர்த்தால் நான்கு நாள். பெருங்களத்தூரில் இருந்து பரனூர் டோல்கேட் வரைக்கும் வண்டிகள் எப்படி நிற்கும் என்று சொல்லவே வேண்டாம். சொந்த கார் வைத்திருக்கும் பலரும் குடும்பத்தோடு மதுரை, திருநெல்வேலி, நாகர்கோவில் என்று கிளம்பத் தயாராகிக்கொண்டிருந்தார்கள்.

சரியாக அந்த நேரத்தில்தான் ஹோண்டா கார்ஸ் இந்தியா நிறுவனம் ஒரு ரீகால் அறிவிப்பை வெளியிட்டது. 90,468 கார்களில் ஃபியூவல் பம்பை மாற்றுவதாகச் சொன்னார்கள். வேலை தொடங்கும் தேதி 2024 நவம்பர் 5. அதாவது, தீபாவளிக்குப் போனவர்கள் எல்லாம் திரும்பி வந்த பிறகு.

இதனால் பயந்துபோய் ட்ரிப்பை கேன்சல் செய்ய வேண்டுமா? தேவையில்லை. ஆனால் உங்க கார் அந்த லிஸ்டில் இருக்கா, இல்லையா என்பதைக் கிளம்புவதற்கு முன்பே தெரிந்துகொள்ளலாம். ஐந்து நிமிட வேலை. எப்படி என்று கீழே சொல்கிறோம். அதற்கு முன், இந்தப் பிரச்சினை என்ன, ஏன் 2020 முதல் 2024 வரை திரும்பத் திரும்ப வந்தது என்று பார்த்துவிடலாம்.

எந்தெந்த கார்கள்?

லிஸ்டில் அதிகம் இருப்பது சிட்டி, 32,872 கார்கள். அடுத்து அமேஸ் 18,851, ஜாஸ் 16,744, டபிள்யூஆர்-வி 14,298. பிஆர்-வி 4,386, பிரியோ 3,317. எல்லாம் பெரும்பாலும் 2017-ன் கடைசி மாதங்களிலும் 2018-ன் முதல் பாதியிலும் தயாரான வண்டிகள்.

இதற்கு மேல் இன்னொரு 2,204 கார்கள் இருக்கின்றன. இவை வேறு வகை. இந்த கார்களில் ஃபேக்டரியில் பொருத்திய பம்பில் பிரச்சினை இல்லை. பிறகு எப்போதோ பம்ப் ரிப்பேராகி, ஸ்பேர் பார்ட்டாகப் புதுசு வாங்கி மாட்டியிருக்கிறார்கள். அந்த 'புதுசு'தான் சந்தேகத்துக்குரிய பேட்ச். 2017 ஜூன் முதல் 2023 அக்டோபர் வரை ஹோண்டா டீலர்களிடம் கவுன்ட்டரில் ஃபியூவல் பம்ப் வாங்கியவர்களும் செக் பண்ணிக்கொள்ள வேண்டும் என்று கம்பெனியே சொல்கிறது. இரண்டையும் சேர்த்தால் 92,672. அதனால்தான் சில செய்திகளில் ஒரு எண்ணும், சில செய்திகளில் இன்னொரு எண்ணும் பார்க்கிறீர்கள். இரண்டும் சரிதான்.

ஆக்டிவா, ஷைன் வைத்திருப்பவர்கள் பதற வேண்டாம். டூவீலர் தயாரிக்கும் ஹோண்டா கம்பெனி வேறு, இது கார் கம்பெனி சமாச்சாரம்.

பம்புக்குள்ள அப்படி என்ன கோளாறு?

காரின் பெட்ரோல் டேங்க் பொதுவாகப் பின் சீட்டுக்குக் கீழே இருக்கும். இன்ஜின் முன்னால். நடுவில் பெட்ரோலைத் தள்ளிக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் ஃபியூவல் பம்ப். இது டேங்குக்கு உள்ளேயே, பெட்ரோலில் மூழ்கியபடி இருக்கும் ஒரு சின்ன மின்சார மோட்டார். நீங்க சாவியை 'ஆன்' நிலைக்குத் திருப்பியதும், ஸ்டார்ட் ஆவதற்கு முன்னாடி, பின்னால் இருந்து ஓரிரு விநாடி 'உய்ங்' என்று மெல்லிய சத்தம் கேட்கும், கவனித்திருக்கிறீர்களா? அதுதான் பம்ப் ஓடும் சத்தம்.

இந்த மோட்டார் சுற்றும்போது அதோடு சேர்ந்து ஒரு சிறிய பிளாஸ்டிக் சக்கரமும் சுற்றும். பெயர் இம்பெல்லர். வீட்டு மோட்டாரில் தண்ணீரைத் தள்ளுகிற விசிறி மாதிரியேதான், சைஸ்தான் சின்னது. பம்பின் உட்சுவருக்கும் இந்தச் சக்கரத்துக்கும் இடையில் இருக்கும் இடைவெளி ரொம்பவே குறைவு. குறைவாக இருந்தால்தான் பெட்ரோலுக்கு பிரஷர் கிடைக்கும்.

கோளாறு இந்தச் சக்கரத்தில்தான். தயாரிப்பின்போது பிளாஸ்டிக்கின் அடர்த்தி சரியாக வராமல் போனால், வருடக்கணக்கில் பெட்ரோலில் ஊறும்போது அது கொஞ்சம் கொஞ்சமாக பெட்ரோலை உறிஞ்சி உப்பும். உப்பினால் வடிவம் மாறும். வடிவம் மாறினால் சுவரில் உரசும். உரசல் அதிகமானால் மோட்டாரால் சுற்ற முடியாது. பெட்ரோல் போகாது. இன்ஜின் நிற்கும், அல்லது காலையில் ஸ்டார்ட்டே ஆகாது.

இதில் கவனிக்க வேண்டியது, கோளாறு வெளியே தெரிய வருடங்கள் ஆகும். ஷோரூமில் டெஸ்ட் டிரைவ் செய்தபோது, முதல் சர்வீஸில், மூன்றாம் வருடம், ஐந்தாம் வருடம் என்று எல்லாவற்றிலும் வண்டி நன்றாகவே ஓடியிருக்கும். 'ஏழு வருஷம் ஓடிருச்சு, இனிமே என்ன ஆகப்போகுது' என்ற சமாதானம் இந்தப் பிரச்சினைக்குப் பொருந்தாது. நாள் ஆக ஆகத்தான் இது வரும்.

வண்டி நின்னா நிக்கட்டும், அதுல என்ன ஆபத்து?

வீட்டு வாசலில் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் எரிச்சல், அவ்வளவுதான். ஹைவேயில் 100 கிலோமீட்டர் வேகத்தில், வலது ஓர லேனில், பின்னால் ஆம்னி பஸ் வரும்போது இன்ஜின் ஆஃப் ஆனால் அது வேறு கதை. ஆக்ஸிலரேட்டரை மிதித்தாலும் வேகம் ஏறாது. பிரேக் ஒன்றிரண்டு தடவைக்கு வழக்கம்போல் பிடிக்கும், பிறகு பெடல் கல் மாதிரி இறுகிவிடும். ஸ்டீயரிங்கும் கனமாகலாம். விஷயம் தெரியாதவர் அந்த இரண்டு நிமிடத்தில் பதறிவிடுவார்.

இது கற்பனை இல்லை. 2023 ஜூலையில் ஜப்பானின் டோட்டோரி பகுதியில் ஒரு சிறிய ஹோண்டா கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஃபியூவல் பம்ப் வேலை செய்யாமல் நின்றது. பின்னால் வந்த லாரி மோதி, காரில் இருந்த ஒருவர் உயிரிழந்தார். பம்பில் ஒரு பிளாஸ்டிக் சக்கரம் உப்பியதற்கும் ஒரு உயிர் போனதற்கும் இடையில் இருப்பது சில விநாடிகள்தான்.

அந்த ஆண்டு டிசம்பரில் ஹோண்டா உலக அளவில் சுமார் 45 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. அதில் அமெரிக்காவில் மட்டும் 25 லட்சத்துக்கும் மேல். அங்கே குறிப்பிடப்பட்டவை 2017 முதல் 2020 வரையிலான மாடல்கள். இந்தியாவில் 2017, 2018 வண்டிகளுக்கான இந்த அறிவிப்பு வந்திருப்பது அதற்குப் பத்து மாதம் கழித்து. மாடலும் பம்பும் நாட்டுக்கு நாடு மாறும், ஆய்வுக்கு நேரம் பிடிக்கும் என்பதெல்லாம் சரி. ஆனாலும் பத்து மாதம் என்பது ஒரு கார் உரிமையாளருக்கு நீண்ட காலம்தான்.

நாலு வருஷமா நடந்த கதை

ஃபியூவல் பம்ப் ரீகால் என்பது ஹோண்டாவின் தனிப் பிரச்சினை அல்ல. இதன் பெரிய அலை 2020-ல் கிளம்பியது. ஜப்பானின் டென்சோ என்ற உதிரிபாக நிறுவனம் தயாரித்த பம்புகளில் இதே இம்பெல்லர் கோளாறு இருப்பது தெரியவந்தது. அந்த ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவில் சுமார் 7 லட்சம் டொயோட்டா கார்களில் ஆரம்பித்தது, அதே ஆண்டு நவம்பருக்குள் உலகம் முழுவதும் 58 லட்சம் டொயோட்டா கார்கள் என்று வளர்ந்துவிட்டது. டென்சோ பம்பை வாங்கிப் பொருத்திய மற்ற கம்பெனிகளும் வரிசையாக அறிவிப்பு வெளியிட்டன.

ஒரே உதிரிபாகத்தைப் பல கம்பெனிகள் வாங்கிப் பொருத்துவதுதான் இன்றைய கார் தொழில். அதனால் ஒரு இடத்தில் அச்சு சரியில்லை என்றால், அதன் பலன் வேறு வேறு லோகோ போட்ட கார்களில் வந்து நிற்கும். இந்தியாவில் வரும் ரீகால் அறிவிப்புகள் பொதுவாக 'பம்பை யார் செய்தது' என்று சொல்வதில்லை. காரை விற்ற கம்பெனியே பொறுப்பு என்பதால் வாடிக்கையாளருக்கு அது அவசியமும் இல்லை. ஆனால் இப்போதைய அறிவிப்பிலும் ஹோண்டா சொல்லும் காரணம் அதே இம்பெல்லர்தான்.

இந்தியாவில் 2020 ஜூனில் ஹோண்டா 65,651 கார்களை அழைத்தது. எல்லாம் 2018-ல் தயாரானவை, பாதிக்கு அருகில் அமேஸ். 2021 ஏப்ரலில் அடுத்த சுற்று, 77,954 கார்கள். இவை 2019 ஜனவரி முதல் 2020 செப்டம்பர் வரை தயாரானவை. 2024-ல் மூன்றாவது சுற்றில் 92,672. மூன்றையும் கூட்டினால் 2.36 லட்சம் வருகிறது. ஆனால் அப்படிக் கூட்டி 'இத்தனை கார்' என்று சொல்லக்கூடாது. ஒரே கார் இரண்டு லிஸ்டில் இருக்க வாய்ப்பு இருக்கிறது.

மாருதியிலும் இது நடந்தது. 2020 ஜூலையில் 56,663 வேகன்ஆர், 78,222 பலேனோ என மொத்தம் 1,34,885 கார்கள், காரணம் ஃபியூவல் பம்ப். 2024 மார்ச்சில் மறுபடியும் 11,851 பலேனோ, 4,190 வேகன்ஆர், காரணம் ஃபியூவல் பம்ப் மோட்டாரில் ஒரு பாகம். இரண்டாவது லிஸ்டில் இருப்பவை 2019 ஜூலை 30 முதல் நவம்பர் 1 வரை தயாரானவை. முதல் லிஸ்டில் வேகன்ஆருக்கு 2019 அக்டோபர் 15 வரை, பலேனோவுக்கு நவம்பர் 4 வரை என்று இருந்தது. தேதிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருப்பதைக் கவனியுங்கள்.

"எனக்கு 2020-லயே மாத்திட்டாங்களே..."

ரீகால் செய்தி போடும்போதெல்லாம் வரும் கேள்வி இது. ஏற்கெனவே ஒரு தடவை பம்பை மாற்றியாகிவிட்டது, இனி நமக்கு இல்லை என்று நினைத்துக்கொள்வது இயல்பு. 2018-ல் தயாரான சிட்டியோ அமேஸோ வைத்திருப்பவர்கள் கண்டிப்பாக இப்படித்தான் நினைப்பார்கள்.

ஆனால் மேலே சொன்ன அந்த 2,204 கார்களை மறந்துவிடாதீர்கள். அவற்றின் கதையே 'ஏற்கெனவே மாத்தியாச்சு' என்பதுதான். பழைய சுற்றில் மாற்றிய பம்ப் எந்த பேட்ச் என்பது உங்களுக்கும் தெரியாது, பக்கத்துத் தெரு மெக்கானிக்குக்கும் தெரியாது. அந்தக் கணக்கு கம்பெனியின் பதிவேட்டில், உங்க காரின் சேசிஸ் நம்பருக்கு எதிராக இருக்கும். அதனால் ஞாபகத்தை நம்ப வேண்டாம். ஒவ்வொரு சுற்று அறிவிப்பு வரும்போதும் நம்பரைப் போட்டுப் பார்ப்பது மட்டுமே வழி.

செகண்ட் ஹேண்ட் வாங்கியவர்கள்தான் முக்கியமா படிக்கணும்

ரீகால் அறிவிப்பில் கம்பெனிகள் எப்போதும் ஒரு வரி எழுதும்: பாதிக்கப்பட்ட வாடிக்கையாளர்களை டீலர்கள் தனித்தனியாகத் தொடர்புகொள்வார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் 'வாடிக்கையாளர்' என்றால் யார்? கம்பெனியின் கம்ப்யூட்டரில் யார் பெயரும் நம்பரும் இருக்கிறதோ, அவர். பெரும்பாலும் ஷோரூமில் முதலில் காரை வாங்கியவர்.

இப்போது அந்த லிஸ்டை இன்னொரு முறை பாருங்கள். ஜாஸ், டபிள்யூஆர்-வி, பிஆர்-வி, பிரியோ, இந்த நான்கு மாடல்களுமே இன்று இந்தியாவில் விற்பனையில் இல்லை. ஆனால் ரீகாலில் இவை நான்கும் சேர்ந்து 38,745 கார்கள். 90,468-ல் சுமார் 43 சதவீதம். விற்பனை நின்றுபோன மாடல், 2024-லேயே ஆறேழு வருடப் பழைய வண்டி. இவற்றில் எத்தனை இன்னும் முதல் ஓனரிடமே இருக்கும்?

ஆறேழு வருடம் என்பது இந்தியாவில் கார் கைமாறும் வயது. வாரன்ட்டி முடிந்திருக்கும். வாரன்ட்டி முடிந்ததும் பலரும் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போவதை நிறுத்திவிடுவார்கள், ஏரியா மெக்கானிக்கிடம் பாதி செலவில் வேலை முடிந்துவிடும். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கம்பெனியோடு இருந்த தொடர்பு அத்தோடு அறுந்துவிடுகிறது. கோயம்புத்தூரில் ஒருவர் 2018-ல் வாங்கிய ஜாஸ், 2022-ல் புரோக்கர் வழியாக விற்று, இப்போது திருச்சியில் ஒரு குடும்பத்திடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ரீகால் மெசேஜ் கோயம்புத்தூர்காரரின் செல்லுக்குப் போகும். 'நான்தான் காரையே வித்துட்டேனே' என்று அவர் டெலீட் செய்வார். பம்ப் திருச்சியில் ஓடிக்கொண்டிருக்கும்.

ஆர்சி-யில் பெயர் மாற்றும்போதாவது யாராவது கேட்பார்களா என்றால், அதுவும் இல்லை. பெயர் மாற்றத்துக்குக் கொடுக்கும் ஃபார்ம் 29, ஃபார்ம் 30 இரண்டிலும் ரீகால் பற்றி ஒரு கட்டம்கூடக் கிடையாது. கடன் பாக்கி இருக்கிறதா என்று கேட்கிறார்கள். இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். கம்பெனியே 'கோளாறு' என்று ஒப்புக்கொண்ட ஒரு பாகம் மாற்றப்பட்டதா என்று கேட்பதில்லை. பொல்யூஷன் சர்டிஃபிகேட் எடுக்கும்போதும் கேட்பதில்லை. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்றால் இதைத்தான் சொல்வோம்: மெசேஜ் வரவில்லை என்றால் உங்க காரில் பிரச்சினை இல்லை என்று அர்த்தம் இல்லை. உங்க நம்பர் அவர்களிடம் இல்லை என்பதாகக்கூட இருக்கலாம்.

சரி, செக் பண்றது எப்படி?

முதலில் ஆர்சி-யை எடுங்கள். அதில் சேசிஸ் நம்பர் என்று 17 எழுத்தும் எண்ணும் கலந்த ஒன்று இருக்கும். இன்சூரன்ஸ் பாலிசியிலும் இருக்கும். ஹோண்டா என்றால் எம்ஏகே என்று ஆரம்பிக்கும், மாருதி என்றால் எம்ஏ3 அல்லது எம்பிஹெச். இந்த 17-ல் ஆங்கில எழுத்தான ஓ-வும் ஐ-யும் வரவே வராது. எண்ணோடு குழம்பக்கூடாது என்பதற்காகவே உலகம் முழுக்க அவற்றைத் தவிர்த்திருக்கிறார்கள். ஆகவே ஓ மாதிரித் தெரிந்தால் அது பூஜ்யம், ஐ மாதிரித் தெரிந்தால் அது ஒன்று. நம்பர் தப்பு என்று வருபவர்கள் முதலில் இதைச் சரிபாருங்கள்.

பிறகு ஹோண்டா கார்ஸ் இந்தியாவின் அதிகாரப்பூர்வ இணையதளத்துக்குப் போய், ரீகால் பக்கத்தில் இந்த 17-ஐயும் அடித்தால் போதும். உங்க கார் இருக்கா, இல்லையா என்று உடனே சொல்லிவிடும். மாருதி வைத்திருப்பவர்களுக்கு அந்த கம்பெனி தளத்தில் 'முக்கிய வாடிக்கையாளர் தகவல்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு பகுதி இருக்கும். வேகன்ஆருக்கு மாருதி சுசூகி தளம், பலேனோவுக்கு நெக்ஸா தளம். இணையம் சரிப்படாது என்பவர்கள் அருகில் உள்ள எந்த அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்கும் போன் செய்து சேசிஸ் நம்பரைச் சொல்லிக் கேட்கலாம். கார் வாங்கிய அதே டீலராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

வாட்ஸ்அப்பில் 'உங்க காருக்கு ரீகால், இந்த ஃபைலை இன்ஸ்டால் பண்ணுங்க' என்று ஏபிகே ஃபைல் வந்தால் தொடவே தொடாதீர்கள். ஆர்டிஓ சலான் என்ற பெயரில் இப்படி ஃபைல் அனுப்பிப் பணம் திருடும் கும்பல்கள் ஏற்கெனவே இருக்கின்றன. சேசிஸ் நம்பரைச் சரிபார்க்க எந்த ஆப்பும் ஓடிபியும் தேவையில்லை.

லிஸ்டில் இருக்கு... இப்போ என்ன?

பம்பை மாற்ற ஒரு ரூபாய்கூடக் கொடுக்கத் தேவையில்லை. பாகத்துக்கும் காசு இல்லை, லேபருக்கும் இல்லை. வாரன்ட்டி முடிந்துவிட்டது, நீங்க இரண்டாவது ஓனர், இதுவரை சர்வீஸை வெளியில்தான் செய்தீர்கள் என்பதெல்லாம் இதற்குத் தடையே இல்லை. ரீகால் காருக்குச் சேர்ந்தது. யாராவது கவுன்ட்டரில் வேறு மாதிரி சொன்னால், 'அதை ஜாப் கார்டுல எழுதிக் கொடுங்க' என்று கேளுங்கள். பெரும்பாலும் அங்கேயே பேச்சு மாறிவிடும்.

2024 நவம்பர் 5 முதல் வேலை கட்டம் கட்டமாக நடக்கும் என்று அறிவித்தார்கள். 90 ஆயிரம் பம்புகள் ஒரே நாளில் வந்து இறங்காது. முன்கூட்டியே அப்பாயின்ட்மென்ட் போட்டு, பாகம் வந்துவிட்டதா என்று கேட்டுவிட்டுப் போங்கள். சும்மா போய் வண்டியை விட்டுவிட்டு இரண்டு நாள் காத்திருப்பதில் அர்த்தம் இல்லை. போகும்போது வேறு சர்வீஸையும் சேர்த்துச் செய்யலாமே என்று கேட்பார்கள். வேண்டுமென்றால் செய்யுங்கள், வேண்டாம் என்றால் 'ரீகால் மட்டும்' என்று சொல்லுங்கள்.

வேலை முடிந்ததும், ஃபியூவல் பம்ப் மாற்றப்பட்டது என்று தேதியோடு எழுதிய ஜாப் கார்டு நகலை வாங்கி ஆர்சி, இன்சூரன்ஸோடு வையுங்கள். நாளைக்கு நீங்க காரை விற்கும்போது வாங்குபவருக்கு இது வேண்டும். அப்படியே உங்க பெயரையும் மொபைல் நம்பரையும் அவர்கள் சிஸ்டத்தில் மாற்றச் சொல்லிவிடுங்கள். அடுத்த ரீகால் மெசேஜாவது சரியான செல்லுக்கு வரும்.

ஏற்கெனவே வண்டி நின்று, சொந்தக் காசில் பம்ப் மாற்றியவர்கள் பழைய பில்லைத் தேடி எடுத்துக்கொண்டு போங்கள். செலவைத் திரும்பக் கேட்க அதுதான் ஆதாரம். நீங்க வாங்கிய பம்பே சந்தேகத்துக்குரிய பேட்சா என்று பார்க்கவும் அது வேண்டும். அப்போது 'பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கு, பங்க்காரன்தான் காரணம்' என்று யாராவது சொல்லியிருக்கலாம். அது உண்மையாகவும் இருந்திருக்கலாம். ஆனால் ரீகால் லிஸ்டில் உங்க நம்பர் இருந்தால், அந்தப் பேச்சை மறுபடி திறக்க உங்களிடம் காரணம் இருக்கிறது.

இந்த வாரம் ஊருக்குப் போகணுமே?

லிஸ்டில் உள்ள எல்லா காரும் நின்றுவிடும் என்று அர்த்தம் இல்லை. 'ஓட்டவே வேண்டாம்' என்று ஹோண்டாவும் சொல்லவில்லை. வீட்டில் வேறு வண்டி இருந்தால் அதில் போகலாம். இல்லையென்றால் சில அறிகுறிகளைக் கவனியுங்கள். சாவி திருப்பியும் வண்டி ஸ்டார்ட் ஆக நேரம் எடுப்பது, ஓடும்போது இழுவை குறைந்து குலுங்குவது, இன்ஜின் லைட் எரிவது. இவை இருந்தால் லாங் டிரைவ் போக வேண்டாம், சர்வீஸ் சென்டரில் காட்டுங்கள். அறிகுறி இல்லாமலும் நிற்கலாம் என்பதுதான் இதில் உள்ள சிக்கல்.

ஹைவேயில் இன்ஜின் நின்றுவிட்டால் முதலில் பதறாமல் நான்கு இண்டிகேட்டரையும் ஒன்றாக எரியவிடும் ஹசார்ட் சுவிட்சைப் போடுங்கள். வண்டி உருண்டுகொண்டிருக்கும் வேகம் இருக்கும்போதே, இடதுபக்கம் கண்ணாடியில் பார்த்து, மெதுவாக ஓரத்துக்குக் கொண்டுவாருங்கள். பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காதீர்கள், மிச்சமிருக்கும் உதவியும் போய்விடும். ஒரே சீராக அழுத்திப் பிடியுங்கள். சாவியைப் பிடுங்கவே கூடாது, ஸ்டீயரிங் லாக் ஆகிவிடும். நின்ற பிறகு எல்லோரும் இடதுபக்கக் கதவு வழியாக இறங்கி, தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்கள். குழந்தைகளை ஏசி-க்காகக் காருக்குள்ளேயே உட்கார வைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. நின்ற காரில்தான் லாரி மோதும். டிக்கியில் இருக்கும் சிவப்பு முக்கோணத்தை முடிந்தவரை தூரத்தில் வையுங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் உதவிக்கு 1033, காயம் என்றால் 108.

சட்டம் என்ன சொல்லுது?

இந்தியாவில் ரொம்ப நாள் ரீகால் என்பது கம்பெனிகள் தாமாகச் செய்யும் விஷயமாகவே இருந்தது. கார் கம்பெனிகளின் சங்கமான சியாம் 2012 ஜூலையில் ஒரு தன்னார்வ நெறிமுறையைக் கொண்டுவந்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, 110ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கின்றன. ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் புகார்கள் வந்தால், கட்டாயமாக ரீகால் செய்யும்படி மத்திய அரசு உத்தரவிடலாம். அப்படி வந்தால் அபராதம் 10 லட்சம் ரூபாய் முதல் ஒரு கோடி ரூபாய் வரை. கம்பெனியே கோளாறைக் கண்டுபிடித்து, அரசுக்குத் தெரிவித்து, தானாக அழைத்தால் அபராதம் இல்லை. ஹோண்டாவின் இப்போதைய அறிவிப்பு தானாக முன்வந்து செய்தது.

ஆனால் இந்தக் கட்டாய ரீகால் விதி ஏழு வருடத்துக்கு உட்பட்ட வாகனங்களுக்குத்தான் பொருந்தும். அறிவிப்பு வந்த 2024 அக்டோபரில், 2017 செப்டம்பரில் தயாரான சிட்டிக்கு ஏழு வருடம் முடிந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அதாவது கம்பெனி தானாக முன்வரவில்லை என்றால், இந்த லிஸ்டின் பழைய வண்டிகளுக்கு அந்த விதியின் பாதுகாப்பு அப்போதே இருந்திருக்காது. மெல்ல மெல்ல வருடக்கணக்கில் வெளிப்படும் கோளாறுக்கு ஏழு வருடக் கோடு போதுமா என்று போக்குவரத்து அமைச்சகம்தான் யோசிக்க வேண்டும். கோடிக்கணக்கில் கார் விற்கும் கம்பெனிக்கு அதிகபட்ச அபராதம் ஒரு கோடி என்பதும் அப்படியே.

எத்தனை கார்களை அழைத்தார்கள் என்று ஒவ்வொரு முறையும் செய்தி வருகிறது. எத்தனை கார்கள் உண்மையில் வந்து பம்பை மாற்றிக்கொண்டு போயின என்பது இதே மாதிரி தலைப்புச் செய்தியாக வருவதில்லை. பாதுகாப்பைத் தீர்மானிப்பது அந்த இரண்டாவது எண்தான்.

உங்க கார் லிஸ்டில் இல்லை, ஆனால் இதே மாதிரி ஓடும்போது நின்றிருக்கிறது என்றால், சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் வாகன் தளத்தில் ரீகால் புகார் பதிவு செய்ய வசதி இருக்கிறது. அரசு நடவடிக்கை எடுப்பதே புகார்களின் எண்ணிக்கையை வைத்துத்தான் என்பதால், 'நம்ம ஒருத்தர் போட்டு என்ன ஆகும்' என்று விட்டுவிட வேண்டாம். சர்வீஸ் சென்டர் ரீகால் வேலையை மறுத்தாலோ, காசு கேட்டாலோ தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். தமிழிலும் பேசலாம்.

கடைசியாக ஒன்று. சமீபத்தில் காரை விற்றவர்கள், உங்க செல்லுக்கு இந்த ரீகால் மெசேஜ் வந்தால் டெலீட் செய்துவிடாமல், வாங்கியவருக்கோ புரோக்கருக்கோ ஃபார்வர்டு பண்ணிவிடுங்கள்.